வீட்டில் மரவேலைப் பட்டறையை எங்கே போடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரவேலை எனக்குத் தொழில் இல்லை, சனி ஞாயிறு வேலை. தாம்பரம் பக்கம் சொந்த வீடு. 2013-இல் மொட்டை மாடியில் ஷெட் போட்டுத் தொடங்கினேன். பிறகு பட்டறை போர்டிகோவுக்கு இறங்கியது. இப்போது வீட்டின் பின்பக்கம், துவைக்கிற கல்லை ஒட்டிய ஒரு பழைய ஸ்டோர் ரூமில் இருக்கிறது. புதிதாக உளி வாங்குகிறவர்கள் "எந்த உளி நல்லது?" என்று கேட்ட கையோடு கேட்பது "எங்கே வெச்சு செய்யறது?" என்பதைத்தான். ஒரே பதிலை வாட்ஸாப்பில் பலமுறை தட்டியாகிவிட்டது. அதனால் கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

"சார், இடம் தேடும்போது முதல்ல எதைப் பார்க்கணும்? எவ்வளவு பெருசுன்னா?"

அளவைக் கடைசியில் பாருங்கள். சாப்பிட்டு எழுந்ததும் அரை மணி நேரம் அங்கே போய் நிற்க முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. என் மாடி ஷெட் 200 சதுர அடி. ஆபீஸ் விட்டு வந்து இரண்டு மாடி ஏறி, பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு வேலை செய்த வார நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போதைய அறை 90 சதுர அடிதான். சமையலறைக் கதவைத் திறந்தால் நாலு எட்டு. இங்கே வந்த பிறகுதான் கை பழகியது.

அடுத்ததாக, என்ன செய்யப் போகிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கரண்டி, முக்காலி, போட்டோ சட்டம் என்றால் எந்த மூலையும் போதும். கட்டில், அலமாரி என்றால் மரம் உள்ளே வருகிற வழியும், செய்து முடித்த சாமான் வெளியே போகிற வழியும் இடத்தைத் தீர்மானிக்கும். மூன்றரை அடி ஆழமுள்ள சாமானை மூன்றடி வாசல் உள்ள அறைக்குள் செய்து முடித்துவிட்டு நிலைப்படியில் நின்று யோசித்தவர்களை எனக்குத் தெரியும்.

"குறைஞ்சது எத்தனை சதுர அடி வேணும்?"

கைக்கருவிகள் மட்டும் என்றால் ஐந்தடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு மேசை, அதற்கு முன்னால் நின்று இழைப்புளி தள்ள மூன்றடி, பக்கவாட்டில் கை வீச இரண்டடி. எட்டுக்குப் பத்து அறையில் இது தாராளமாக அடங்கும்.

கணக்கை மாற்றுவது பிளைவுட். முழு ஷீட் எட்டுக்கு நாலு அடி. அதை டேபிள் சாவில் (மேசை நடுவே சுழல் பிளேடு உள்ள அறுக்கும் மெஷின்) நீளவாக்கில் அறுக்க வேண்டுமானால் பிளேடுக்கு முன்னால் எட்டடி, பின்னால் எட்டடி காலியாக இருக்க வேண்டும். மெஷின் நிற்கிற இடத்தையும் சேர்த்தால் இருபதடி நீளம் ஆகிறது. அப்படி ஒரு இடம் சென்னையில் யார் வீட்டில் இருக்கிறது? நான் ஷீட்டை வீட்டுக்கே கொண்டுவருவதில்லை. அளவை எழுதிக் கொடுத்தால் பல பிளைவுட் கடைகளில் அறுத்தே தருகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகச் சொல்லி வாங்கி, வீட்டில் விளிம்பை இழைத்துச் சரிசெய்துகொள்கிறேன். இந்த ஒரு பழக்கத்தால் எனக்கு 100 சதுர அடி மிச்சம்.

"மொட்டை மாடி சும்மாதானே கிடக்கு? ஒரு தகர ஷெட் போட்டுக்கலாமே அண்ணா?"

பத்தில் ஏழு பேர் கேட்பது இதைத்தான். வெளிச்சம், காற்று, இடம் மூன்றும் மாடியில் இருக்கின்றன. எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. இரண்டு வருடத்தில் கீழே இறங்கிவிட்டேன். முதல் காரணம் வெயில். மார்ச்சிலிருந்து ஜூன் வரை காலை ஒன்பது மணிக்கு மேல் தகரத்துக்குக் கீழே நிற்க முடியாது. மாலையிலும் கூரையும் தளமும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் ஃபெவிகால் சீக்கிரம் இறுகிவிடும். நாலு மூட்டுகளையும் பூட்டிக் கிளாம்ப் போடுவதற்குள் முதல் மூட்டு பிடித்துக்கொள்ளும். பலகைகளும் ஒரு பக்கமாகக் காய்ந்து வளையும். அடுத்தது படிக்கட்டு. 18 மில்லிமீட்டர் பிளைவுட் முழு ஷீட் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு படி திரும்புகிற இடத்தில் திருப்ப முடியாது. கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுப்பவர்கள் உண்டு. காற்று அடித்தால் ஷீட் பாய்மரம் மாதிரி விரியும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தளம் தாங்குமா என்றும் கேட்கிறார்கள். ஆள் ஏறிப் புழங்குகிற மொட்டை மாடிக்கு நம் நாட்டுக் கட்டடத் தரவிதி வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. வீட்டுக்குள் உள்ள தளத்துக்கு 200 கிலோ. மேசையும் ஒரு டிரில் மெஷினும் பிரச்சினை இல்லை. ஆனால் மலிவாகக் கிடைத்தது என்று இருபது ஷீட் பிளைவுட்டைப் படுக்கவைத்து அடுக்கினால் மூன்று சதுர மீட்டரில் 650 கிலோ ஏறுகிறது. சதுர மீட்டருக்கு அது 200-ஐயே தாண்டிய கணக்கு. கனமான எதையும் சுவரை ஒட்டியோ பீமுக்கு மேலேயோ வையுங்கள். பழைய வீடு என்றால் ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஏற்கெனவே ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதில் டிரில் போடுவதோ வெட்டுவதோ வேண்டாம். அந்த இழைத்தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகத் தெரிந்த பொருள் அது.

"கார் நிறுத்துற இடத்துல போட்டா மரம் ஏத்தி இறக்க வசதிதானே?"

அந்த விஷயத்தில் அதற்கு ஈடு கிடையாது. கேட்டைத் திறந்தால் முழு ஷீட்டும் நேராக உள்ளே வரும், தூசியும் வெளியே போகும். ஆனால் தண்ணீரும் அதே கேட் வழியாகத்தான் வரும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. போர்டிகோவில் இருந்த பிளேனர், கிரைண்டர், சேர்த்து வைத்திருந்த தேக்குப் பலகைகள் எல்லாம் இரண்டு நாள் மூழ்கிக் கிடந்தன. உளிகளைத் தீட்டி மீட்டுவிட்டேன். மோட்டார்களை மீட்க முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பின்பக்க அறையின் தரை இரண்டரை அடி உயரத்தில் இருந்ததுதான் காப்பாற்றியது.

அதனால் கீழ்த்தளம் என்றால் அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் "2015-ல் தண்ணி எது வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சில வீட்டுச் சுவர்களில் கோடு இன்னும் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே மோட்டார் உள்ள எதையும், பிளக் பாயிண்டையும் வைக்காதீர்கள். அக்டோபர் பிறந்ததும் சாமான்களை மேலே ஏற்றிவிட முடியும் என்றால் மட்டும் போர்டிகோ சரி. அடுக்குமாடிக் கட்டடத்தின் தூண்களுக்கு இடையிலுள்ள கார் நிறுத்தம் என்றால் சங்கத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சம்மதம் அடுத்த செயலாளர் வந்ததும் காற்றில் போய்விடும்.

"எங்க ஃபிளாட்ல பால்கனி மட்டும்தான் இருக்கு. நாலுக்கு எட்டு. ஆசையை விட்டுடணுமா?"

வேண்டாம் அம்மா. ஆரம்பிக்க அது நல்ல இடம். இழைப்புளி, உளி, கொட்டாப்புளி, இழுத்து அறுக்கிற ஜப்பானிய ரம்பம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மடக்குகிற மேசை ஒன்றைச் சுவரோடு சேர்த்து வைத்தால் துணி காயப்போடவும் இடம் மிஞ்சும். உளியால் தட்டும்போது சத்தம் மேசைக் கால் வழியாகத் தளத்தில் இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் ஒலிக்கும். நாலு காலுக்கும் கீழே தடித்த ரப்பர் துண்டு வையுங்கள்; தட்டுகிற வேலையை மேசைக் காலுக்கு நேர் மேலே செய்யுங்கள்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கைப்பிடிச் சுவரின் மேல் எந்தக் கருவியும் வைக்கக் கூடாது. மூன்றாம் மாடியிலிருந்து விழும் அரையங்குல உளியும் ஆளைக் கொல்லும். கம்பித் தடுப்பாக இருந்தால் கீழே ஒன்றரை அடிக்குப் பலகை அடைத்துவிடுங்கள்.

"பையன் வெளியூர் போயிட்டான், அவன் ரூம் காலி. உள்ளேயே போட்டுக்கலாமா?"

கைவேலைக்குப் போடலாம். வீட்டு அறையின் நன்மை அதன் கதவு. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வரலாம். கெடுதலும் அதே கதவுதான், தூசி வெளியே போக வழி இல்லை. மெஷினில் இழைக்கிற தூள் மெத்தை, பீரோ, ஏசி வடிகட்டி எல்லாவற்றிலும் படியும். ஏசி ஓடுகிற அறையில் மணல்தாள் போட்டுத் தேய்ப்பது அந்தத் தூளை மீண்டும் மீண்டும் சுவாசிப்பதுதான். ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட முடிந்தால் யோசியுங்கள். முடியாவிட்டால் மணல்தாள் வேலையை மட்டும் வெளியே எடுத்துப் போங்கள்.

"வாடகை வீடு. சுவர்ல ஆணி அடிச்சாலே ஓனர் கத்துவார்."

சுவரைத் தொடவே வேண்டாம். கனமான மேசை தன் எடையிலேயே நிற்கும். கீழ்த்தட்டில் இரண்டு மணல் மூட்டை வைத்தால் இழைக்கும்போது நகராது. கருவிகளைச் சுவரில் மாட்டுவதற்குப் பதில் மேசையின் பின்விளிம்பில் ஒரு பலகை நிறுத்தி அதில் மாட்டுங்கள். மேசையை நட்டு போல்ட்டில் பூட்டினால் வீடு மாறும்போது அரை மணியில் பிரித்துவிடலாம். தரையில் டைல்ஸ் என்றால் பழைய ஃபிளெக்ஸ் பேனருக்கு மேல் ரப்பர் விரிப்புப் போடுங்கள். பலகை விழுந்தாலும் டைல்ஸ் பிழைக்கும், உளியின் முனையும் பிழைக்கும்.

"பக்கத்துலயே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டா போதாதா?"

முதலில் அது எந்த பிளக் என்று பாருங்கள். சிறிய 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 1380 வாட்தான் எடுக்கலாம். டிரில்லும் ஜிக்சாவும் அதில் ஓடும். 1800 வாட் டேபிள் சா 8 ஆம்பியர் இழுக்கும். கூடவே 1200 வாட் வேக்குவம் ஓடினால் 13. மோட்டார் கிளம்புகிற நொடியில் ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத ஒயர், 16 ஆம்பியர் பிளக், தனி எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணைகிற ஸ்விட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கிற ஸ்விட்ச்), சரியான எர்த். இத்தனையும் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கையால் வர வேண்டும். அதற்கு வழியில்லாத மூலையில் மெஷின் வைக்காதீர்கள்.

சுருட்டி வைத்த ஒயரில் பெரிய மெஷினை ஓட்டினால் சுருளுக்குள் சூடேறி மேலுறை உருகும்; முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் போட வேண்டும். மாலையில் வோல்ட்டேஜ் இறங்குகிற தெரு என்றால் மோட்டார் திணறிச் சூடாகும், அப்போது வேலையை நிறுத்துங்கள்.

விளக்கையும் இதே நாளில் முடித்துவிடுங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். அந்த வெளிச்சத்தில் சுழலும் பிளேடு நிற்பது போலக் கண்ணுக்குத் தோன்றலாம். தரமான எல்இடி டியூப் இரண்டை எதிரெதிர்ப் பக்கம் போட்டால் கை நிழலும் விழாது.

"பக்கத்து வீட்டுக்காரர் ஏற்கெனவே முறைக்கிறார். சத்தத்துக்கு என்ன வழி?"

குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்லும் வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45. கிரைண்டரும் சர்குலர் சாவும் பக்கத்தில் நின்றால் 100-ஐத் தொடும். சுவருக்கு முட்டை அட்டை ஒட்டுவதால் பயனில்லை. அது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. கனமான சுவரும் இடுக்கு இல்லாத கதவும்தான் தடுக்கும். ஆகவே பொதுச் சுவர் இல்லாத மூலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு மெஷினை வையுங்கள்.

நான் செய்தது வேறொன்றும் உண்டு. மெஷின் வேலையை சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டேன். அந்த வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய மாதத்தில் மெஷினையே தொடவில்லை. உங்கள் காதையும் பாருங்கள்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது கணக்கு, மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100-இல் கால் மணி நேரம்தான். காதடைப்பான் இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள்.

"மரத்தூள்தானே, பெருக்கித் தள்ளிட்டா போச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு பயம்?"

கண்ணுக்குத் தெரிகிற சிராய் கெடுதல் செய்யாது. மணல்தாளிலிருந்து வருகிற மாவு போன்ற தூள்தான் நெஞ்சுக்குள் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை 1995-லேயே முதல் வகுப்பில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களில், சேர்த்துவிட்டது. மேலே சொன்ன ஆஸ்பெஸ்டாஸும் அதே வகுப்புதான். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுகிற இடமாகப் பாருங்கள். ஊதுபத்தி கொளுத்தி மேசை நிற்கப் போகும் இடத்தில் வையுங்கள். புகை எங்கே போகிறதோ அங்கேதான் தூளும் போகும். சமையலறைப் பக்கம் போனால் மேசையைத் திருப்புங்கள். எத்தனை காற்று வந்தாலும் என்95 முகக்கவசம் போட்டே ஆக வேண்டும்.

"வாஸ்துப்படி எந்த மூலை சார்?"

வாஸ்து பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் எனக்குப் பயிற்சி இல்லை. திசை பார்க்க எனக்கு வேறு காரணங்கள் உண்டு. மேற்குச் சுவர் மதியத்துக்கு மேல் கொதிக்கும், அங்கே மேசை போட்டால் மாலை வேலை கெடும். வடக்கு ஜன்னல் வெளிச்சம் நிழல் விழாமல் சீராக இருக்கும் என்பார்கள். நம் ஊரில் அதற்கு ஒரு விலக்கு: ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் உச்சிச் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப்பார்க்கும், ஒரு திரை போதும்.

மழையின் திசை ஊருக்கு ஊர் மாறும். சென்னை, கடலூர் பக்கம் ஐப்பசி கார்த்திகைச் சாரல் வடகிழக்கிலிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் திறந்த ஷெட் ஆகாது. கோவை, பொள்ளாச்சிக்காரர்கள் ஆடிக் காற்றை நினைத்து மேற்கை அடைக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று மணல்தாள் தூளை வீடு முழுக்கப் பரப்பிவிடும்.

"நவம்பர்ல டிராயர் இறுகிப்போச்சு, உளியெல்லாம் துரு. இடம்தான் காரணமா?"

பாதி இடம், பாதி பருவம். மரம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் உப்பும், பங்குனியில் மறுபடி சுருங்கும். அதை எந்த இடத்திலும் தடுக்க முடியாது. ஆனால் தரையில் ஓதம் ஏறுகிற அறையில் அது இரட்டிப்பாகும். தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் அந்த அறையில் பலகை அடுக்காதீர்கள். அடுக்குவதாக இருந்தால் தரைக்கு ஒரு அடி மேலே, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இரும்பு ஸ்டாண்டில் அடுக்குங்கள். கரையான் மண் பாதை எடுத்தால் கண்ணில் படும். உளிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துடைப்பு. கடற்கரை ஊர்களில் அதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும்.

"பாலிஷும் அதே அறையிலேயே அடிச்சுக்கலாமா?"

தின்னர் கலந்த எதையும் கூடாது. அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து போகும். பக்கத்து அறையில் கேஸ் அடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் அங்கே போய்ப் பற்றிக்கொள்ளும். பாலிஷுக்கு மாடிதான் சரி; காற்று குறைந்த காலை நேரம், நிழல் உள்ள பக்கம்.

லின்சீடு ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். யாரும் தீ வைக்காமலே அது சூடேறிப் பற்றும். வெளியே தனித்தனியாக விரித்துக் காயவையுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் ஊறவையுங்கள்.

"நாலு பேர் ஆர்டர் கொடுக்கிறாங்க. வீட்டுலயே செஞ்சு வித்தா ஏதாவது பிரச்சினை வருமா?"

சொந்த உபயோகத்துக்குச் செய்கிற வரை வீட்டு மின் இணைப்பு போதும். தொழிலாக மாறினால் அதே இணைப்பில் ஓட்டுவது அனுமதி பெற்ற காரணத்துக்கு மாறான பயன்பாடு. 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் அதற்கு உரிய கட்டணத்தைப் போல இரு மடங்கு வசூலிக்க இடம் இருக்கிறது. உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, தனி இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடமும் அடுக்குமாடி என்றால் சங்கத்திலும் மறுபடி பேச வேண்டும். முதலில் கொடுத்த சம்மதம் பொழுதுபோக்குக்குக் கொடுத்தது.

"அப்பா ரிட்டையர் ஆயிட்டார், 67 வயசு. அவருக்காக இடம் பார்க்கிறேன்."

அப்படியானால் வரிசையை மாற்றுங்கள். கூப்பிட்டால் வீட்டிலுள்ளவர்களுக்குக் கேட்க வேண்டும், அதுதான் முதல். கதவில் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். மாடியும் வேண்டாம், நிலைப்படி உயரமான அறையும் வேண்டாம். நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரத்தில் மேசை இருந்தால் இழைக்க முதுகு வளையாது. செதுக்கு வேலைக்கு அதைவிட உயரமாக ஒரு சின்ன மேசையும் முதுகு சாயும் ஸ்டூலும் வையுங்கள். வெளிச்சம் நமக்குப் போதுமான அளவு அவருக்குப் போதாது, இரட்டிப்பாக்குங்கள். பாத்ரூம் பக்கத்தில் இருந்தால் அவர் அங்கே நாள் முழுக்க இருப்பார்.

"எங்க வீட்டுல ரெண்டு இடம் தோதா இருக்கு. முடிவு பண்ணவே முடியலை."

எதையும் கட்டாதீர்கள், எதையும் சுவரில் அடிக்காதீர்கள். ஒரு பழைய டேபிளைப் போட்டு முதல் இடத்தில் ஒரு மாதம், அடுத்ததில் ஒரு மாதம் வேலை செய்யுங்கள். காலண்டரில் வேலை செய்த நாளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். முடிந்தால் ஒரு மாதம் வெயிலிலும் இன்னொன்று மழையிலும் வரட்டும். வட்டம் அதிகம் விழுந்த இடத்துக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.